பத்தாவது அப்பம்

பிஷப்பின் கடிதம் ஜூலை மாதம் வந்தது. 'நாம் மாற்றத்தின் பருவத்துக்குள் நுழைகிறோம்' என்று தொடங்கியிருந்தார்கள். எனக்கு அங்கேயே எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் கோதுமை ஊரான டல்லிங்காவில் பருவம் என்றால் இரண்டுதான்: மழை பெய்த வருடம், மழை பெய்யாத வருடம். பிஷப் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இலை உதிர்வதும் துளிர்ப்பதும் ஞாபகம் வரும்போலிருக்கிறது. எங்கள் ஊரில் இலை உதிர்க்கும் மரம் ஒன்றுகூடக் கிடையாது.

இரண்டாவது பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்கள். நற்கருணை எடுப்பவர்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் ஆலயங்கள் மூடப்படும், கட்டடம் விற்கப்படும். சபை ஆண்டின் கடைசி ஞாயிறு நவம்பரில் வருகிறது. அன்றைக்குப் பிஷப்புக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் ஆர்ச்டீக்கன் நேரில் வந்து எண்ணுவார். பத்துப் பெயர்களும் பத்துக் கையெழுத்தும் தயாராக இருக்க வேண்டும்.

நாங்கள் ஒன்பது பேர். நான், என் கொழுந்தன் கிளாரி பாஸ்கோ, ஆர்கன் வாசிக்கும் நோலீன், ஹார்ட்டிகன் சகோதரிகள் இருவர், பீட்டர்சன் தம்பதி, பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, கோதுமைக் கிடங்கில் வேலை பார்க்கும் ரான். போதகர் ஜோவன்னா நான்கு ஊர்களுக்குச் சேர்த்து ஒரே ஆள் என்பதால் அவளை எந்த ஊர்க் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஏனென்றால் பதிவேட்டில் மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பத்து என்றுதான் எழுதியிருந்தேன். எழுதியது நான்தான், வெர்னா பாஸ்கோ, முப்பத்தொரு வருடமாக இந்த ஆலயத்தின் பொறுப்பாளர். நான் பொய் எழுதவில்லை. அதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

என் வேலை எண்ணுவது. காணிக்கைப் பாட்டுக்கு முந்தைய பாட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து தலைகளை எண்ணுவேன். எத்தனை தலையோ அத்தனை அப்பம். காகிதம்போல மெல்லிசான வட்ட அப்பம், டப்பாவிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பேன். போதகருக்குப் பெரிய அப்பம் ஒன்று தனியாக உண்டு. ஜெபித்து ஆசீர்வதித்த பிறகு ஓர் அப்பம்கூட டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. மிஞ்சினால் போதகர் அங்கேயே சாப்பிட்டாக வேண்டும். அதனால் எண்ணிக்கை தப்பக் கூடாது. இத்தனை வருடத்தில் நான் ஒரே ஒரு முறை தப்பாக எண்ணியிருக்கிறேன். ஒரு ஞானஸ்நானத்தன்று கைக்குழந்தையையும் சேர்த்து எண்ணிவிட்டேன்.

மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தின் முதல் ஞாயிறு. பீடத்துக்கு ஊதாத் துணி மாற்றியிருந்தேன். வெளியே நாற்பது டிகிரி வெயில். பாட்டின்போது எண்ணினேன், பத்து. பத்து அப்பம் வைத்தேன். ஆராதனை முடிந்து தட்டைக் கழுவும்போது அதில் ஒன்றுமில்லை. பதிவேட்டில் பத்து என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது யார் அந்தப் பத்தாவது ஆள் என்று யோசித்தேன். வெளியூர்க்காரர் யாரும் வரவில்லையே. விரல்விட்டு எண்ணினேன், ஒன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு தலைகளை எண்ணவே இல்லை. பெயர்களைச் சொல்லிச் சொல்லி எண்ணி, ஒன்பது அப்பம் மட்டும் வைத்தேன்.

எங்கள் ஆலயத்தில் நூற்றைம்பது பேர் உட்காரலாம். ஒன்பது பேரும் ஒன்பது மூலையில் உட்காருவோம். அவரவர் குடும்ப இருக்கை அவரவருக்கு. பீடத்துக்கு முன்னால் முழங்காலிடும் மரக் கிராதியிலும் அப்படித்தான். வலது ஓரத்தில் நான். எனக்கு இடது பக்கம் என் கணவர் டெஸ்ஸின் இடம். அதற்கு அடுத்து அவர் தம்பி கிளாரி. டெஸ் போய் ஆறு வருடமாகிறது. அந்த இடத்தில் யாரும் முழங்காலிடுவதில்லை, நகர்ந்து வருவதுமில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆனாலும் தெரியும்.

போதகர் இடமிருந்து வலமாக வருவாள். அன்றைக்குக் கிளாரிக்குக் கொடுத்தாள். அடுத்த காலியிடத்தில் நின்றாள், குனிந்தாள், ஏதோ முணுமுணுத்தாள், நிமிர்ந்தாள். என்னிடம் வந்தபோது தட்டு காலி. ஜோவன்னா திகைத்துப்போய், தன் பெரிய அப்பத்தில் மீந்திருந்த துண்டை உடைத்து என் கையில் வைத்தாள்.

ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் அங்கியைக் கழற்றும்போது, "ஒண்ணு குறைச்சு வெச்சுட்டீங்க வெர்னா," என்றாள்.

"ஒன்பது பேரு. ஒன்பது வெச்சேன்."

"நான் பத்துப் பேருக்குக் கொடுத்தேனே."

"யாருக்கு?"

அவள் யோசித்தாள். "தெரியல. இன்னிக்கு மூணாவது ஊரு இது. காலையில அஞ்சு மணியிலேருந்து கார் ஓட்டறேன். விடுங்க, எனக்குத்தான் தலை சுத்தியிருக்கும்."

நான் விட்டுவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பத்து வைத்தேன். பத்தும் போய்விடும். முழங்காலிட்டிருக்கும்போது என் இடது கையில் மட்டும் மயிர் சிலிர்க்கும். ஏப்ரல் வெயிலில் வேர்த்துக் கொட்டும்போதும் அந்தப் பக்கத்திலிருந்து, திறந்த குளிர்பெட்டியிலிருந்து வருவதுபோல, ஜில்லென்று ஒரு காற்று வரும். பக்கத்தில் மர முழங்கால் பலகை மெதுவாக அழுந்தும் சத்தம் கேட்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பயந்தேனா என்றால், இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அது டெஸ் என்று நினைத்தேன். வேறு யார் அவர் இடத்தில் வந்து முழங்காலிடுவார்கள்? எழுபத்துநான்கு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் உதட்டுச்சாயம் பூச ஆரம்பித்தேன். கிளாரி கேலி செய்தான்.

"யாருக்கு இந்த அலங்காரம்? ரானுக்கு அறுபதுகூட ஆகல, பாவம்."

"உன் வேலையைப் பாரு," என்றேன்.

இப்படி நான்கு மாதம் போன பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. பத்து வேண்டும் என்றார்கள், எங்களிடம் பத்து இருந்தது. டெஸ் ஆலயத்தைக் காப்பாற்றுவதற்காகவே வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். உயிரோடிருக்கும்போது கூரைத் தகரம் மாற்ற ஒருநாள் ஏணியில் ஏறாத மனிதர்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. பத்துக் கோடு, பத்துப் பெயர். அதை வைத்துக்கொண்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு ஜோவன்னாவைப் பிடித்தேன்.

"இதப் பாரும்மா. எனக்கும் கிளாரிக்கும் நடுவுல யாருக்கோ கொடுக்கறியே. அது யாருன்னு உனக்குத் தெரியுதா?"

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளும் இதைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"நான் முகத்தப் பாக்கறதில்ல வெர்னா. எந்தப் போதகரும் பாக்க மாட்டாங்க. அப்பம் கொடுக்கும்போது கையத்தான் பாப்போம். அங்க ஒரு கை இருக்கும். நான் வைப்பேன். அவ்வளவுதான். அடுத்த ஆள்கிட்ட வந்ததும் மறந்துடும். வீட்டுக்குப் போய்த்தான் ஞாபகம் வரும்."

"எப்பிடிப்பட்ட கை? பெரிய கையா? கட்டைவிரல்ல ஒரு தழும்பு?"

"இல்ல. சின்னக் கை. பொம்பளக் கை. வயசானது. குளிர்ல நீலம் பாரிச்சிருக்கும். சுண்டுவிரல்ல பாதி இல்ல."

நான் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏற்கெனவே துடைத்த பாத்திரம்தான். அவள் ஏதோ கேட்டாள், என் காதில் விழவில்லை.

சுண்டுவிரலில் பாதி இல்லாத கை இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐடா கிரவுச். பன்னிரண்டு வயதில் வைக்கோல் வெட்டும் இயந்திரத்தில் போன விரல். அவள் செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

எட்டாம் மைல் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு சின்ன ஆலயம் இருந்தது. ரயில் நிற்கும் இடம், கோதுமைக் கிடங்கு ஒன்று, நாலு வீடு. ஐந்து பேர்தான் ஆராதனைக்கு வருவார்கள். அதை மூடச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது நான். இரண்டு கூரையைப் பராமரிக்க எங்களுக்குச் சக்தி இல்லை, அது உண்மைதான். கூட்டத்தில் எழுந்து நின்று நன்றாகப் பேசினேன். காலம் மாறுகிறது, நாமும் மாற வேண்டும், டல்லிங்காவில் உங்கள் எல்லோருக்கும் வரவேற்பு உண்டு என்றேன். கை தட்டினார்கள்.

ஐந்து பேரில் நான்கு பேர் அத்தோடு ஆலயம் போவதையே விட்டுவிட்டார்கள். ஐடா மட்டும் வந்தாள். முதல் ஞாயிறு, பழுப்புக் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சீக்கிரமே வந்து, இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அது பாஸ்கோ குடும்பத்தின் இருக்கை. என் மாமியார் அப்போது உயிரோடிருந்தார், அன்றைக்கு ஜலதோஷம் என்று வரவில்லை. நான் ஐடாவின் காதோரம் குனிந்து, சிரித்த முகத்தோடு, "இது எங்க இடம் ஐடா," என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். மற்ற இருக்கைகளைப் பார்த்தாள். இங்கே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் போய் நின்றாள். முதல் பாட்டு முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு, பூட்டிக் கிடந்த எட்டாம் மைல் ஆலயத்தின் முன்னால் காரை நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாளாம். எங்களுக்குக் குளிர்காலமான ஆகஸ்டில் ஒருநாள், தரையெல்லாம் உறைபனி, ஆட்டுக்காரன் ஒருவன் கார்க் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்கிறான். டாக்டர் இதயம் என்றார். ஊரில், ஐடாவுக்கு எப்பவுமே திமிர், நம்மோடு சேர மாட்டேன் என்று போய்விட்டாள் என்றார்கள். நான் அவள் காதில் சொன்னது யாருக்கும் கேட்டிருக்கவில்லை. நானும், ஆமா, திமிர்தான் என்றேன். அவளுடைய அடக்கத்துக்கு முட்டை சாண்ட்விச் நான்தான் செய்துகொண்டு போனேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகவே கால் வரவில்லை. போனேன். பத்து வைத்தேன். கிராதியில் முழங்காலிட்டபோது அந்தக் குளிர் வந்தது. இப்போது அதில் ஈரக் கம்பளியின் வாசனையும் இருந்தது, அல்லது முன்பே இருந்து நான் மோந்து பார்க்காமல் இருந்தேனோ என்னவோ. கண்ணை மட்டும் சாய்த்துப் பார்த்தேன். கிராதியின் மரத்தின்மேல், மூச்சுப்பட்ட கண்ணாடிபோல, ஒரு வெள்ளைப் படலம். அது சுருங்கிக் காய்ந்துகொண்டே வந்தது, மறுபடி பரவியது. யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர், அக்டோபர் அப்படியே ஓடியது. நான் இளைத்துவிட்டேன் என்றார்கள். படிவத்தில் ஒன்பது பெயரும் கையெழுத்தும் ஏறிவிட்டன. பத்தாவது கோடு சும்மா கிடந்தது.

கிளாரிதான் வழி கண்டுபிடித்தான். "என் பையன் டிரெவர் பேரப் போடு. பெர்த்துல சுரங்கத்துல இருக்கான், இந்த ஊரு வீட்டு விலாசம் இன்னும் மாத்தல. கையெழுத்த நான் போட்டுத் தாரேன். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துட்டுப் போறான்னு சொன்னா யாரு போய்ப் பாக்கப் போறா?"

"அவன் கடைசியா இந்தக் கோயிலுக்குள்ள வந்தது எப்போ?"

"ஞானஸ்நானத்துக்கு. நீகூடச் சேத்து எண்ணினியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த ஆலயம் போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று தினமும் யோசித்தேன். டெஸ்ஸைக் கல்யாணம் செய்ததும் இங்கேதான், புதைத்ததும் இங்கிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் மற்ற ஆறு நாளையும் நான் எதற்காகக் கழிக்க வேண்டும்? பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போகலாம் என்றார்கள். அறுபது கிலோமீட்டர். அங்கே போய் எந்த இருக்கையில் உட்காருவது?

நவம்பரின் அந்த ஞாயிறு வந்தது. ஆர்ச்டீக்கன் மால்கம் ஸ்ட்ராங் நல்ல மனிதர், முகத்திலேயே தெரிந்தது. கழுத்துப்பட்டியில் வேர்வை ஊறியிருந்தது. ஆராதனைக்கு முன்னால் எங்களை முன்வரிசைக்கு வரச் சொன்னார். யாரும் வரவில்லை. அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் நடுவில் நின்று படிவத்தையும் பதிவேட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மார்ச்லேருந்து எல்லா வாரமும் பத்துன்னு இருக்கு. ரொம்ப சந்தோஷம். ஆனா இங்க ஒன்பது பேருதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. பத்தாவது யாருங்க?"

நோலீன் ஆர்கன் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோவன்னா என்னைப் பார்த்தாள். கிளாரி எழுந்தான்.

"என் மகன்ங்க. டிரெவர். இன்னிக்கு ஷிஃப்ட்டு—"

"உக்காரு கிளாரி," என்றேன்.

என் குரல் எனக்கே கனமாகக் கேட்டது. எழுந்து நின்றேன்.

"பத்தாவது ஆளு ஐடா கிரவுச். எட்டாம் மைல் ஐடா. மார்ச்லேருந்து எனக்குப் பக்கத்துல வந்து முழங்கால் போடறா. போதகரம்மாவே கையில அப்பம் வெச்சிருக்காங்க, கேளுங்க."

ஹார்ட்டிகன் அக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களுக்கெல்லாம் ஐடாவைத் தெரியும்.

"அவ திமிர் பிடிச்சுப் போகல. அன்னிக்கு அவ இந்த இருக்கையில வந்து உக்காந்தா. நான்தான் குனிஞ்சு, இது எங்க இடம்னு சொன்னேன். அவங்க கோயில மூடினதும் நான், இங்க வந்தவளை எழுப்பிவிட்டதும் நான். நீங்க எல்லாரும் அவளைத் திமிர்க்காரின்னு சொன்னப்போ நானும் சேந்து சொன்னேன். அவ கார்ல விறைச்சுச் செத்தா. இருபத்தாறு வருசமா இத நான் யாருகிட்டயும் சொல்லல."

தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

ஆர்ச்டீக்கன் மெதுவாகச் சொன்னார். "அம்மா, இறந்தவங்கள நான் எண்ண முடியாது."

"எண்ண வேணாம். தட்டப் பாருங்க. உங்களுக்கு ஜோவன்னா தன்னோட பெரிய அப்பத்துலேருந்து கொடுக்கட்டும். நான் பத்து வைக்கிறேன். நீங்களே எண்ணிக்குங்க. இங்க ஒன்பது பேரு. கடைசியில ஒண்ணும் மிஞ்சலன்னா என்ன எழுதுவீங்க?"

அவர் ஜோவன்னாவைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் ஆட்டவில்லை.

"பாப்போம்," என்றார்.

அவர் கண்ணெதிரே பத்து அப்பத்தை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். எனக்கு உள்ளுக்குள் தைரியம் வந்திருந்தது. ஐடா வருவாள், ஒருநாள்கூடத் தவறியதில்லை. உண்மையும் சொல்லியாகிவிட்டது, ஆலயமும் நிற்கப் போகிறது. பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்தது. எழுந்து போய்க் கிராதியில் என் இடத்தில் முழங்காலிட்டேன்.

ஜோவன்னா இடது ஓரத்திலிருந்து வந்தாள். சகோதரிகள், பீட்டர்சன்கள், ஆசிரியை, ரான், நோலீன், கிளாரி. பிறகு காலியிடம். அவள் நின்றாள், வழக்கம்போலக் குனிந்தாள்.

குனிந்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அந்த இடத்தைப் பார்த்தேன், எட்டு மாதத்தில் முதல் முறையாகத் தலையைத் திருப்பி. முழங்கால் பலகையில் தூசி. கிராதி மரத்தில் கை வைத்தேன், வெயிலுக்குச் சூடாக இருந்தது.

என் கையில் ஓர் அப்பத்தை வைத்தாள். தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை எல்லோரும் பார்க்கப் பீடத்தின்முன் நின்று அவளே சாப்பிட்டாள். அது உலர்ந்து ஒடியும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் அரைமணி நேரம் காத்திருக்கத் தெரியவில்லையா? பிறகு அழுதேன். கிராதியைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல அழுதேன். யாரும் என்னை எழுப்பவில்லை. நோலீன்தான் வந்து பக்கத்தில் முழங்காலிட்டாள். டெஸ்ஸின் இடம் அது என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

வெஸ்ட்ரியில் ஆர்ச்டீக்கன் பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே பேனாவை எடுத்து அன்றைய தேதிக்கு நேராக ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளாரி கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"நீ வாய மூடிட்டு இருந்திருந்தா கோயில் இருந்திருக்கும் வெர்னா."

"ஆமா," என்றேன். "அவளும் அந்தச் சுவரோரமா நின்னுக்கிட்டே இருந்திருப்பா."